முனைப் பெயர்களும் நோக்குநிலையும்: யு.எஸ்.பி. – எஃப்.பி.ஜி.ஏ. இணைப்பு ஆவணங்களின் தமிழாக்கம்

1. முன்னுரை

மின்னணுச் சில்லுகளின் பயன்பாட்டு ஆவணங்களைத் தமிழாக்குவோர், கலைச்சொற்களுக்கு நிகரன் கண்டதும் பணி முடிந்ததாகக் கருதுவதுண்டு. ஆயின் இவ்வாவணங்களில் வரும் முனைப் பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல. ஒரு திசையையும் ஒரு நிலையையும் சுட்டும் சுருங்கிய கூற்றுகள். திசை பிறழ உணரப்படின் இரு சில்லுகள் ஒரே தடத்தில் எதிரெதிரான மின்னழுத்தங்களைச் செலுத்த நேரும். மிகை மின்னோட்டத்தால் சில்லு பழுதுபடவும் கூடும். எஃப்.டி.232எச் என்னும் யு.எஸ்.பி. கட்டுப்படுத்தியை எஃப்.பி.ஜி.ஏ.வுடன் இணைக்கும் நேர்வைக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

2. இணைப்பின் அமைப்பு

எஃப்.பி.ஜி.ஏ. என்பது தயாரிப்புக்குப் பின்னர்ப் பயனர் தம் விருப்பப்படி உட்சுற்றை வரையறுத்துக்கொள்ளும் சில்லு. அதன் முனைகளுட் பலவற்றுக்கு முன்வகுத்த பணி இல்லை. எக்குறிகை எம்முனைக்கு உரியது என வடிவமைப்பாளரே வகுத்தல் வேண்டும். இதுவே முனைத் திட்டமிடல்.

எஃப்.டி.232எச் ஒத்தியங்கு முறையில் செயற்படும்போது அதன் குறிகைகள் 15. அவை எஃப்.பி.ஜி.ஏ.வை நோக்கப் பின்வருமாறு பகுபடும்:

(அ) இருதிசையின – தரவுத் தடங்கள் 8.
(ஆ) உள்ளீடுகள் – ஆர்.எக்ஸ்.எஃப்.#, டி.எக்ஸ்.இ.#, கிளாக் அவுட் ஆகிய 3.
(இ) வெளியீடுகள் – ஆர்.டி.#, டபிள்யூ.ஆர்.#, ஓ.இ.#, எஸ்.ஐ.டபிள்யூ.யூ.# ஆகிய 4.

60 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தரும் கிளாக் அவுட், துடிப்பை ஏற்பதற்கென அமைந்த முனையிலேயே சேர்தல் வேண்டும். ஏனையவற்றை 3.3 வோல்ட் வழங்கும் ஒரே முனைத்தொகுதியில் அமைப்பது நன்று. சைலிங்ஸ் 7ஆம் வரிசைச் சில்லுகளில் உயர்செயல்திறன் வகைத் தொகுதிகள் 1.8 வோல்ட்டுக்கு மேல் ஏற்பதில்லை; ஆதலின் 3.3 வோல்ட்டை ஏற்கும் மற்றை வகையையே தெரிவு செய்தல் வேண்டும்.

3. நோக்குநிலைச் சிக்கல்

கணினியிலிருந்து ஒரு பைட் எஃப்.பி.ஜி.ஏ.வை அடைவதாகக் கொள்வோம். யு.எஸ்.பி. நெறிமுறையில் திசைப்பெயர்கள் யாவும் கணினியை மையமாகக் கொண்டவை. எனவே அங்கு அது ‘அவுட்’. இடையிலுள்ள கட்டுப்படுத்தி அதைப் பெறுவதால், அதன் முனைப்பெயரில் அது ‘ஆர்.எக்ஸ்.’, அதாவது பெறுதல். எஃப்.பி.ஜி.ஏ.வின் முனைப்பட்டியலில் அது உள்ளீடு. செயல் ஒன்று, பேசுவோர் மூவர், பெயரும் மூன்று. மறுதிசையில் இவை முறையே ‘இன்’, ‘டி.எக்ஸ்.’, வெளியீடு என மாறும்.

இது மொழியியலார் நன்கறிந்த சுட்டுநிலைச் சிக்கலே. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள் வரவும் தரவும் தன்மை முன்னிலைகளுக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் வகுக்கிறது. ஆதலின் தமிழில் ‘வருகிறது’, ‘செல்கிறது’ என்னும் வினைகளுள் ஒன்றைத் தெரிந்த அளவிலேயே மையமும் தெரிவாகிவிடுகிறது. மூலத்தில் மையம் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுமிடத்து, ‘கணினியிலிருந்து எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு’ என இரு முனைகளையும் வெளிப்பட உரைத்தலே பொருத்தமாகும்.

ஓ.இ.# என்னும் முனை இதற்குத் தக்க சான்று. இதனை ‘வெளியீட்டை இயலச்செய்தல்’ என்று மட்டும் பெயர்த்தால், யாருடைய வெளியீடு என்பது விளங்காது. இங்குக் குறிக்கப்படுவது கட்டுப்படுத்தியின் வெளியீடு. எஃப்.பி.ஜி.ஏ. தன் செலுத்துகையை நிறுத்திய பின்னரே ஓ.இ.#-ஐத் தாழ்த்துதல் வேண்டும்; அதன்பின் குறைந்தது ஒரு துடிப்பு கழிந்தே ஆர்.டி.#-ஐத் தாழ்த்துதல் வேண்டும். உடைமைச் சொல்லை விட்ட மொழிபெயர்ப்பு, தரவுத் தடங்கள் எட்டிலும் மோதலை விளைவிக்கக்கூடும்.

4. எதிர்மறைச் சிக்கல்

பெயரின் ஈற்றில் வரும் # குறி, தாழ்நிலை மின்னழுத்தமே ‘உண்மை’யைக் குறிக்கும் என்பதைத் தெரிவிக்கிறது. இதனை ‘இல்லை’ எனப் பெயர்ப்பது பிழை. ஆர்.எக்ஸ்.எஃப்.# தாழ்ந்திருப்பின் படிக்கத்தக்க தரவு உண்டு, உயர்ந்திருப்பின் படிக்கலாகாது. எதிர்மறை மின்னழுத்த அளவைச் சார்ந்ததேயன்றிக் கூற்றின் பொருளைச் சார்ந்ததன்று. இங்குத் ‘தாழ்நிலை’க்கு மாறாகக் ‘குறைவு’ என எழுதின், தரவு குறைந்துள்ளது என நேர்மாறாகப் பொருள்படும்.

5. சொற்றெரிவு

‘பின்’ என ஒலிபெயர்ப்பது பேச்சில் வழக்காயினும் எழுத்தில் மயக்கம் தரும். ‘பின் இணைப்பு’ என்பது நூலிறுதிப் பின்னிணைப்பாகவும், ‘பின் எண்’ என்பது பிற்பட்ட எண்ணாகவும் கொள்ளப்படலாம். ‘முனை’ என்பது இம்மயக்கத்தை நீக்கும். அவ்வாறே ‘பேங்க்’ என்பதை ‘வங்கி’ எனப் பெயர்ப்பதினும், பொது மின்வழங்கல் உடைய முனைகளின் கூட்டம் என்னும் பொருள் தோன்ற ‘முனைத்தொகுதி’ எனல் தகும்.

6. முடிவுரை

குறிகைப் பெயர்கள் மூல ஆவணத்தோடும் வடிவமைப்புக் கோப்போடும் ஒத்துப்பார்க்கப்படுவன. ஆதலின் அவற்றைப் பெயர்க்காது ஒலிபெயர்த்து நிறுத்தி, செலுத்துவோர், திசை, இயங்குநிலை ஆகிய மூன்றையும் விளக்கமாகச் சேர்த்தல் வேண்டும். ‘ஓ.இ.#: எஃப்.பி.ஜி.ஏ. செலுத்துவது; தாழ்நிலையில் கட்டுப்படுத்தி தன் தரவைத் தடங்களில் இடும்’ என்பது அத்தகைய விளக்கம். இம்மூன்றனுள் ஒன்று குறையினும், சொல் சரியாக இருந்தும் இணைப்பு பிழையாகிவிடும்.