நோவும் மருந்தும்: இல்லத்தார் கற்க வேண்டுவன

வைத்தியசாலையினின்று மருதமுனைக்குத் திரும்பும் புற்றுநோயாளருக்கு வைத்தியர் குளிசையைக் கொடுத்துவிடுகிறார். அதனை முறையாக உண்பிக்கும் கல்வியை யார் கொடுப்பது? கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993இல் தோன்றிய நோவு தணிப்புச் சங்கம் அக்கல்வியை இல்லத்தாருக்கும் அயலாருக்கும் ஊட்டி வழிகாட்டிற்று.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த நெறி எளிது: மருந்தை இயன்றவரை வாய்வழியாகவும், மணி தவறாமலும், நோவின் அளவுக்கேற்பவும் கொடுத்தல். ஓயாத நோவு முற்றியபின் குளிசை தேடுதல் காலந்தாழ்த்தலாம். தணியவில்லையென்று தாமே கூட்டுதல் ஆபத்தாம். 500 மில்லிகிராம் பரசிற்றமோல் வளர்ந்தோருக்கு 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேற்படலாகாது. மிகின் ஈரல் கெடும். உடல் இளைத்தோருக்கு அளவு இன்னும் குறையும், வைத்தியரைக் கேட்டறிக. தடிமன் மருந்திலும் அது கலந்திருத்தல் கூடும்.

மோர்பினுக்கு அஞ்சி, நோயாளர் துடிக்கவும் அதனைப் பெட்டியுள் மறைப்பாருமுளர். வைத்தியர் வகுத்த அளவில் கொடுக்க அஞ்சவேண்டா. அது மலச்சிக்கல் தரும். அதற்கும் மருந்து கேட்டுப் பெறுக. எழுப்பியும் எழாத உறக்கமோ மூச்சுத் தளர்வோ காணின் உடனே வைத்தியசாலையை நாடுக.

நேரம், மருந்து, நோவின் அளவு ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியிற் பதிதல் நன்று. தறியில் இழை எண்ணத் தெரிந்த ஊர் இது; குளிசை எண்ணுதல் அரிதன்று. பழைய மாணவர்காள்! அயல்வீட்டு நோயாளர் பக்கத்தே கொப்பியோடு சிறிது நேரம் அமர்வோமாக. நாம் கற்ற எழுத்துக்கு அதனினும் சிறந்த பயன் யாது?