லாரி லாரியாக கொட்டி சிமெண்டு பூசினார்கள்! 30 வருடம் கழித்து குட்டு உடைந்தது!

திருட்டு நகையை கொல்லையில் புதைத்தவன் உண்டு. கள்ள நோட்டை மாட்டுத் தொழுவத்தில் புதைத்தவன் உண்டு. விற்காத விளையாட்டு சாமானை ராட்சத லாரிகளில் கொண்டு போய் புதைத்த கம்பெனியை கேள்விப்பட்டது உண்டா?

அமெரிக்காவில் நடந்த கூத்து இது. 1983-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். இடம், நியூ மெக்சிகோ மாநிலத்தில் பாலைவன ஓரமாக உள்ள அலமோகோர்டோ என்ற ஊர். புதைத்தது, டி.வி. கேம் உலகில் அதுவரை கொடி கட்டிப் பறந்த "அடாரி" கம்பெனி. புதைத்த சரக்கு, டி.வி. பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டு கேசட்டுகள்.

டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் இருந்த கம்பெனி குடோனில் இருந்து லாரிகள் வரிசையாகப் புறப்பட்டன. சுமார் 140 கிலோ மீட்டர் ஓடி, அலமோகோர்டோ குப்பை மேட்டில் சரக்கை கொட்டின. மேலே இயந்திரத்தை ஏற்றி நசுக்கினார்கள்.

உள்ளூர் பையன்களுக்கு மூக்கில் வேர்த்து விட்டது. குப்பை மேட்டில் புகுந்து, அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். பிறகென்ன? சிமெண்டு கான்கிரீட்டை கலந்து மேலே ஊற்றி விட்டார்கள்!

மூடி மறைப்பது அந்த வட்டாரத்துக்குப் புதுசு இல்லை. 1945-ல் உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது அந்தப் பாலைவனத்தில்தான். ஊரே அதிர்ந்தபோது, "வெடிமருந்து கிடங்கு வெடித்து விட்டது" என்று சொல்லி சமாளித்தார்கள்.

5 வாரம்தான் கெடு!

விவகாரத்தின் வேர் 1982-ல் இருக்கிறது. அந்த ஜூன் மாதம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் "ஈ.டி." படம் வந்து சக்கை போடு போட்டது. வேற்றுக்கிரகத்து குட்டி ஜீவன் ஒன்று பூமியில் மாட்டிக்கொண்டு வீடு திரும்ப தவிக்கும் கதை. அதை விளையாட்டாக்கும் உரிமையை அடாரி வாங்கியது. விலை 2 கோடி டாலருக்கும் மேல் என்று பேச்சு.

பேரம் முடிந்தபோது ஜூலை கடைசி ஆகி விட்டது. கிறிஸ்துமசுக்கு கடையில் சரக்கு இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் 1-ந் தேதி ஆட்டம் தயாராக வேண்டும். மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலைக்கு கையில் இருந்தது 5 வாரம்!

பொறுப்பு ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் தலையில் விழுந்தது. வயது 25. அதற்கு முன்பு "யார்ஸ் ரிவெஞ்ச்" என்ற ஆட்டத்தை எழுதி பேர் வாங்கியவர். ஆபீசிலும் வேலை, வீட்டிலும் வேலை. ஒற்றை ஆளாக புரோகிராம் எழுதி, சொன்ன தேதியில் முடித்துக் கொடுத்து விட்டார்.

விழு... எழு... விழு!

ஆட்டம் இதுதான். ஈ.டி. வீட்டுக்கு போன் போட வேண்டும். அதற்கு டெலிபோன் துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். துண்டுகள் குழிக்குள் கிடக்கும். தேடி விழுந்தாலும் குழி, தெரியாமல் விழுந்தாலும் குழி. மேலே ஏறி வந்தால் மறுபடியும் தொப்பென்று குழிக்குள்!

காசு போட்டு வாங்கிய பிள்ளைகள் அழுதார்கள். அப்பாக்கள் கேசட்டை கடைக்குத் தூக்கி வந்தார்கள். சுமார் 40 லட்சம் கேசட் செய்ததாகக் கணக்கு. பெரும்பகுதி விலை போகவில்லை. சரக்கு தேங்கினால் என்ன பாடு என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 1983-ல் மட்டும் அடாரிக்கு 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். மறு வருடம் கம்பெனியை கூறு போட்டு விற்றார்கள்.

குழியில் விழுகிற ஆட்டம், கடைசியில் குழிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது!

குற்றவாளி யார்?

அதற்குப் பிறகு ஊர் வாயை மூட முடியுமா? "உலகத்திலேயே மட்டமான ஆட்டம் ஈ.டி.தான்" என்றார்கள். "அந்த ஒரு ஆட்டம்தான் ஒரு தொழிலையே சாய்த்தது" என்றார்கள். "புதைத்தது எல்லாமே ஈ.டி.தான்" என்றார்கள். "புதைத்ததே கட்டுக்கதை" என்று சொன்னவர்களும் உண்டு. எப்படிப் பேசினாலும் பழி மட்டும் வார்ஷா பேரில்தான்.

2014-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி குட்டு உடைந்தது. ஒரு டாகுமெண்டரி படத்துக்காக அந்த மேட்டைத் தோண்டினார்கள். குப்பை காண்டிராக்டர் ஜோ லெவன்டோவ்ஸ்கி என்பவர் பழைய போட்டோக்களை வைத்து இடத்தைக் கணித்துக் கொடுத்தார். புழுதிக் காற்று கண்ணை மறைத்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அப்படியும் வேடிக்கை பார்க்க நூற்றுக்கணக்கில் கூட்டம்!

மண்ணைத் தோண்டித் தோண்டி உள்ளே போனதும் கேசட்டுகள் வந்தன. ஈ.டி. இருந்தது. ஆனால் கூடவே "பாக்-மேன்", "சென்டிபீட்", "ஆஸ்டிராய்ட்ஸ்" என்று சக்கை போடு போட்ட ஆட்டங்களும் நசுங்கிக் கிடந்தன! புதைத்தது மொத்தம் 7 லட்சத்து 28 ஆயிரம் என்று அடாரியின் பழைய மானேஜர் ஒருவர் சொன்னார். அதில் ஈ.டி.யும் ஒன்று. அவ்வளவுதான்.

அதாவது, ஒரு ஆட்டம் கெட்டுப் போனதால் கம்பெனி கவிழவில்லை. விற்குமா என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மலை மலையாக செய்து குவித்ததால் கவிழ்ந்தது. குவிக்கச் சொன்னவர்கள் மேலே. கெட்ட பேர் 5 வாரம் கண் விழித்தவருக்கு. ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

தோண்டும்போது வார்ஷாவும் அங்கே நின்றார். இப்போது அவர் மனநல ஆலோசகர். கூட்டத்தைப் பார்த்து கண் கலங்கி விட்டார்.

குப்பைக்கு வந்த யோகம்

வெளியே எடுத்தது சுமார் 1,300 கேசட். அதில் ஒன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போனது. நூற்றுக்கணக்கான கேசட்டுகளை ஏலம் விட்டதில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வசூல்! ஒரு ஈ.டி. கேசட் 1,500 டாலரைத் தாண்டியது. புதிதாக இருந்தபோது ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம் என்ற சரக்கு!

மிச்சத்தை அப்படியே மண்ணைப் போட்டு மூடி விட்டார்கள். ஈ.டி. இன்னும் குழிக்குள்ளேதான் இருக்கிறது. போன் மட்டும் இதுவரை வரவில்லை.