வலி இடுப்பில், சோதனை கட்டைவிரலில்

நாள்பட்ட இடுப்பு வலிக்காரர் ஒருவரை உட்கார வைத்து, அவருடைய கட்டைவிரல் நகத்தின் மேல் கருவியால் அழுத்தினால் என்ன தெரியும்? 2004-இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று இதைத்தான் செய்தது. வந்தவர்களுக்குக் கட்டைவிரலில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் இடுப்பு வலி இல்லாதவர்கள் “லேசா அழுத்துது” என்று சொல்லும் அதே அழுத்தம் இவர்களுக்கு நன்றாகவே வலித்தது. அந்த நேரத்தில் எடுத்த மூளை ஸ்கேனும் அதையே காட்டியது. வலியோடு தொடர்புள்ள பகுதிகள் மற்றவர்களைவிட இவர்களுக்குக் கூடுதலாகக் கிளர்ந்திருந்தன. நடிப்பு என்று சொல்லித் தள்ள வழியில்லை.

இடுப்பில் வலிப்பவருக்கு விரல் ஏன் அதிகம் வலிக்க வேண்டும்?

திருவிழா மைக் செட்டில் வால்யூமை அளவுக்கு மேல் கூட்டிவிட்டால், யாரும் பேசாமலேயே கீச்சென்று அலறும். பக்கத்தில் மூச்சு விட்டாலும் ஊருக்கே கேட்கும். மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, கோளாறு ஆம்ப்ளிஃபயரில். நம் உடம்பில் அந்த ஆம்ப்ளிஃபயர் தண்டுவடமும் மூளையும். வலிச் செய்தி தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் தண்டுவட நரம்புகள் மேலும் மேலும் கூர்மையாகிவிடும் என்று நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983-இல் எலிகளை வைத்துக் காட்டினார். இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் சென்ட்ரல் சென்சிட்டைசேஷன். மறுபக்கம், மூளையிலிருந்து கீழே இறங்கி வலியை அடக்கும் பாதைகளும் உண்டு. சிலருக்கு அவை சோர்ந்துவிடுகின்றன. சரியான தூக்கம் இல்லாவிட்டால் வலி தாங்கும் அளவு இன்னும் குறையும். இரவெல்லாம் புரண்டுவிட்டு எழுந்த காலையில் குனிந்து செருப்பு மாட்டுவதுகூட மலையாகத் தெரிவது இதனால்தான்.

மூன்று மாதத்தைத் தாண்டிய இடுப்பு வலியை நாள்பட்டது என்பார்கள். அப்படி வலிக்கும் எல்லோருக்கும் நரம்பு இப்படிக் கூர்மையாகியிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பகுதியினருக்கு மட்டுமே இது. உடம்பின் வேறு இடங்களும் சுலபமாக வலிப்பது, லேசாகத் தொட்டாலே உறுத்துவது, தூக்கமின்மை, ஓயாத அசதி எல்லாம் சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம்.

அடுத்து எம்.ஆர்.ஐ. விவகாரம். “ஜவ்வு விலகியிருக்கு, தேய்மானம்” என்று ரிப்போர்ட்டில் பார்த்ததுமே பலருக்கு வலி இரட்டிப்பாகிவிடுகிறது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது! தலை நரைப்பது போலத்தான் முதுகெலும்பும் நரைக்கிறது. நரைக்கு யாரும் பெல்ட் கட்டிக்கொள்வதில்லை. ஸ்கேனே வீண் என்று சொல்ல வரவில்லை. படத்தை வைத்து வலியை அளக்க முடியாது என்கிறேன்.

படுக்கையில் கிடந்தால் சரியாகும் என்பது பழைய யோசனை. அசையாத உடம்பில் தசை தளர்கிறது, பயம் கூடுகிறது, பயம் கூடக் கூட வலியும் கூடுகிறது. நடக்கலாம். முதல் நாள் தெருமுனை வரை, அடுத்த வாரம் கடைத்தெரு வரை. நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் எலும்பு உடைகிறது என்று அர்த்தமில்லை.

கூட்டிய வால்யூமைக் குறைக்கவும் முடிகிறது. அமெரிக்காவில் 151 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ‘இந்த வலி ஆபத்தின் அறிகுறி அல்ல’ என்று மூளைக்குப் பழக்கும் உளவியல் சிகிச்சையை ஒரு பிரிவினருக்கு நான்கு வாரம் கொடுத்தார்கள். அவர்களில் 66 சதவீதத்தினருக்கு வலி அறவே போனது, அல்லது போனதுபோல் ஆனது. வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் அது 10 சதவீதம்தான். ஆனால் வந்தவர்கள் மிதமான வலிக்காரர்கள். கடும் வலிக்கும் இதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சில அறிகுறிகளை மட்டும் நரம்பின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரோ மலமோ தன்னையறியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு இருந்தாலும் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.