உங்களுக்குத் தெரியுமா? தண்ணீருக்கும் சீனியாரிட்டி உண்டு!

அமெரிக்காவிலேயே மக்கள்தொகை குறைந்த மாநிலம் வயோமிங். 2020 கணக்கெடுப்பில் 5,76,851 பேர். ஆளைவிட மாடு அதிகம்! இங்கே இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றமே கிடையாது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு பிடிக்கவில்லையா? நேரே செயென் நகரில் ஐந்து நீதிபதிகள் அமரும் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகவேண்டியதுதான்.

வழக்குக்குப் பஞ்சமில்லாத விஷயம் தண்ணீர். ஆறும் ஓடையும் மாநிலத்தின் சொத்து என்கிறது வயோமிங்கின் அரசியல் சட்டம். பயன்படுத்தும் உரிமை மட்டும் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற கணக்கில் கிடைக்கும். உதாரணமாக, ஒருவரின் உரிமை 1885-இல் தொடங்குகிறது, மேல்மடைக்காரருடையது 1910-இல். வறட்சியில் முன்னவர் முறையிட்டால், அதிகாரி வந்து மேல்மடைக்காரரின் மதகை அடைத்துவிடுவார். கண்ணெதிரே தண்ணீர் ஓடும், தொட முடியாது!

பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் அமெரிக்க ஆட்சிப்பகுதியும் வயோமிங்தான், 1869-இல், மாநிலமாவதற்கு 21 ஆண்டுகள் முன்பே. மறு ஆண்டே சவுத் பாஸ் சிட்டி என்ற தங்கச் சுரங்க ஊரில் எஸ்தர் மோரிஸ் நீதிபதியானார். நாட்டின் முதல் பெண் அமைதி நீதிபதி அவர்.

இன்னொரு வேடிக்கை: யெல்லோஸ்டோன் பூங்கா முழுவதும் வயோமிங்கின் கூட்டாட்சி நீதிமன்ற எல்லைக்குள் வருகிறது. ஆனால் பூங்காவின் ஒரு துண்டு ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் யாருமில்லை. அந்தத் துண்டில் பெருங்குற்றம் நடந்தால், சட்டப்படி அங்கு வசிப்பவர்களைக் கொண்டே ஜூரி அமைக்க வேண்டும். எங்கே போவது? 2005-இல் பிரையன் கால்ட் என்ற சட்டப் பேராசிரியர் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்.