நாய்க்குப் பெயரிடுதல்

பெயரென்பது ஒரு பொருளைப் பிறிதொன்றினின்றும் பிரித்தறிதற்பொருட்டு இடப்படுவது என்பர். மக்கட்பெயரைப் பொறுத்தவரை இவ்விலக்கணம் போதியதாகலாம். நாயின் பெயருக்கு அது போதாது. மனிதன் பெயர் உறுதியிலும் பதிவேட்டிலும் கிடந்தும் பயன்படும். நாயின் பெயரோ ஒருவர் வாயினின்றும் புறப்பட்டு அதன் செவியைச் சென்றடையும்பொழுதே உயிர்பெறுகின்றது. ஆகவே நாய்க்குப் பெயர் தேர்வோர் பொருளை மட்டுமன்றி விளியையும் நோக்குதல் வேண்டும். நம்மவருட் பலர் இரண்டையும் நோக்குவதில்லை. அயல்வீட்டு நாய் ஜிம்மியாயின் நம் வீட்டு நாயும் ஜிம்மி, அன்றேல் ரைகர், அதுவுமன்றேல் சீசர்.

இத்துறையிற் பண்டைக் கிரேக்கர் நம்மினும் கருத்துடையராயிருந்தனர். கி. மு. நான்காம் நூற்றாண்டினரான செனபோன் பெயரால் வழங்கும் வேட்டை நூலில், நாய்க்கு இடும் பெயர் எளிதில் அழைக்கக் கூடியதாய்க் குறுகியிருத்தல் வேண்டும் என்னும் விதி கூறப்பட்டு, எடுத்துக்காட்டாக 47 பெயர்கள் தரப்பட்டுள்ளன. சிலவற்றின் பொருளை நோக்குக: உயிர், காவலன், ஈட்டி, இளமை, மகிழ்ச்சி, மதி. ஒன்றேனும் நாயின் நிறத்தையோ வாலையோ மட்டும் கண்டு இட்ட பெயராக இவற்றுள் இல்லை. நாயினிடத்து வேட்டுவன் வேண்டிய குணங்களே பெயராயின. அப்பட்டியலின் இறுதிப் பெயர் ஓர்மே. முன்னோக்கிப் பாயும் உந்துதல் என்பது அதன் பொருள். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளின் பின்னர், கி. பி. இரண்டாம் நூற்றாண்டில், அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய அரியன் என்பார் தம் வேட்டை நாய்க்கு அப்பெயரையே இட்டார். அது மட்டுமோ! இப்படியொரு நாய் தம்மிடம் இருந்ததென்பது பிற்காலத்தார்க்கும் தெரியவேண்டுமென்று அதன் பெயரைத் தம் நூலிலும் பொறித்துவைத்தார். பேரரசர் பலரின் பெயர் அழிந்தொழிந்தும் ஓர்மே இன்றும் அழைக்கப்படுகின்றாள்.

ரைகர் என்னும் பெயரை ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எச்சில் என்று முகஞ்சுளிக்கும் நண்பர்களும் நமக்குளர். கி. பி. முதலாம் நூற்றாண்டில் உழவு பற்றி எழுதிய உரோம ஆசிரியர் கொலுமெல்லா பெண்நாய்க்குத் தகும் பெயர்களுள் திகிரிஸ் என்பதையும் எண்ணுகின்றார். புலி என்பதே அதற்கும் பொருள். ஆங்கிலம் பிறவாத காலத்திலேயே இப்பெயர் நாய்க்கு வழங்கியது. பெயர் ஈரசையிற் குறையாமலும் மிக நீளாமலும் இருத்தல் வேண்டுமென்பதும் அவர் கொள்கை.

வடமொழியிலும் நாய்ப்பெயருக்குப் பழைமையுண்டு. இருக்கு வேதத்துப் பத்தாம் மண்டிலத்தில் இந்திரனின் தூதாகப் பணிகளிடம் சென்று மறைக்கப்பட்ட பசுக்களைக் கேட்பவள் சரமா. ஓடுதல் என்னும் பொருளுள்ள வேரினின்றும் அப்பெயரைப் பிறப்பிப்பர். யமனுடைய நாய்கள் அவள் மக்களாதலின் சாரமேயர் எனப்பட்டன. பின்னர் அச்சொல் நாய்க்கே பொதுப்பெயராயிற்று. பாரதத் தொடக்கத்தில், குற்றமின்றியே தன் மகனைச் சனமேசயனின் தம்பியர் அடித்தமைக்காகச் சபிப்பவளும் சரமாவே. அப்பாரதத்தின் முடிவில் தருமனைத் தொடர்ந்து மலையேறிய நாய்க்கு மட்டும் பெயரில்லை. மறுதலையாக, மனிதனுக்கு நாயின் பெயர் வாய்த்ததும் உண்டு. ஐதரேய பிராமணத்துச் சுனசேபனும் அவன் உடன்பிறந்தார் இருவரும் நாயின் வால் எனப் பொருள்படும் பெயர்களையே தாங்கினர். அக்காலத்தில் அது இழிவாகத் தோன்றவில்லை போலும்.

தமிழுக்கு வருவோம். ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல், எகினம் என நாயைக் குறிக்கும் சொற்கள் நம்மிடம் பல. அகநானூற்றில் அம்மூவனார் பாடிய செய்யுளொன்றில் உப்பு விற்கும் உமணப்பெண் சேரியிற் கூவிச் செல்ல, வீட்டு ஞமலி குரைக்கின்றது. குரலை அறியும் நாய் என்று புலவர் அதற்கு அடைகொடுப்பது கருதத்தக்கது. ஆயினும் அந்த நாயும் தனக்கெனப் பெயர் பெறவில்லை.

இங்கே தொல்காப்பியத்து விளிமரபு நமக்குத் துணைசெய்கின்றது. உயர்திணையில் இகர ஈறு ஈகாரமாகும். அன் ஈறு ஆகாரமாகும். நம்பி நம்பீ ஆவான். சோழன் சோழா ஆவான். அஃறிணைப் பெயரோ விளிகொள்ளுங்கால் ஏகாரம் பெறும். அவ்விதிப்படி நாயை விளித்தால் வருவது ‘நாயே’ என்பது. அதனை நாம் எதற்குப் பயன்படுத்துகின்றோம் என்பதை வகுப்பறையிற் சொல்லவேண்டியதில்லை; மாணாக்கர் விளையாட்டிடத்திலேயே கற்றுவிடுகின்றனர். மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கடையராகத் தாழ்த்திக்கொண்டதும் இவ்வழக்கை அறிந்தே. எனவே ‘வீமா’, ‘மணீ’ என்று ஒருவர் தம் நாயை அழைக்கும்பொழுது, தாம் அறியாமலே அதனை உயர்திணை விளிக்கு உயர்த்திவிடுகின்றார். பெயரிடுதலின் பயன் முழுவதும் இதில் அடங்கியுள்ளதென்பது என் எண்ணம்.

விளி நெடிலில் முடிதல் தொலைவிற் கேட்டற்கும் ஏற்றது. முதலெழுத்து வல்லினமாயின் ஒலி தெளிவாக வெட்டும். ‘வா’, ‘இரு’ என்னும் ஏவல்களோடு மயங்கும் பெயரை விலக்குக. ‘வாசு’ என்று அழைக்கத் தொடங்குமுன்னரே நாய் ஓடிவந்துவிடும், வரவேண்டாதபொழுதும் வரும்.

பொருளிலும் சில விலக்குகள் உள. வைரவருக்கு ஊர்தி நாயாதலின் அதற்கு வைரவன் என்றே பெயரிடலாமென வாதிப்போர் உளர். நாயை ஏசும் நாளும் வருமாதலின் தெய்வப்பெயரைத் தவிர்ப்பதே நன்று. வேலித் தகராற்றில் அயலவன் பெயரைத் தன் நாய்க்கிட்டு மாலைதோறும் உரக்க அழைக்கும் வழக்கமோ கல்வியுடையார் நாணத்தக்கது. அங்கே வசைபெறுவது அயலவன் மட்டுமன்று. தன் பெயரைக் கேட்டு வாலாட்டிவரும் நாய்க்கு அஃது ஏச்சென்பது தெரியாது.

1957 நவம்பர் 3ஆம் நாள் சோவியத்து நாட்டார் விண்ணுக்கு அனுப்பிய நாய்க்கு முதலில் சுருள்மயிரி எனப் பொருள்படும் குத்ரியாவ்கா என்பதே பெயர். உலகறிந்த லைக்கா என்பதன் பொருள் குரைப்பவள். சில மணி நேரத்தில் அது வெப்பத்தால் இறந்ததென்பது 2002இல்தான் வெளிப்பட்டது. அவ்விரு பெயருள் எதனைக் கேட்டு அது காதை நிமிர்த்திற்றோ, அதுவே அதன் பெயர்.

ஆகவே குட்டியை வீட்டுக்குக் கொணர்ந்த அன்றே பெயரை முடிவுசெய்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பெயர்களைத் தேர்ந்து, படலையில் நின்று விளியாகவே அழைத்துப் பாருங்கள். அயலார் நகையாமலும் உங்கள் நா தடுக்காமலும் எப்பெயர் வளவின் கோடிவரை செல்கின்றதோ அதனை இடுக.