வீட்டில் பொருத்திய கணினி தொடங்கவில்லையா?



உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, வீட்டிலேயே ஒரு கணினியைப் பொருத்துகிறீர்கள். ஆளியை அழுத்தினால் அது தொடங்கவில்லை. "தாய்ப்பலகை பழுது, புதிது வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். என்னுடைய முதலாவது கணினிக்கும் இதையே சொன்னார்கள். நான் கலைப் பட்டதாரி. சொன்னதை நம்பி, ஒரு மாத ரியூசன் பணத்தில் வேறொரு தாய்ப்பலகை வாங்கினேன். அப்போதும் கணினி தொடங்கவில்லை. மையச் செயலிக்கு மின் கொடுக்கும் நான்கு ஊசிச் செருகியை நான் இரண்டு தடவையும் பொருத்தவில்லை என்பதே உண்மையான காரணம்!

கணினி தொடங்கும் ஒழுங்கை அன்று நான் அறிந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். நீங்கள் அதை இன்றே அறிந்துகொள்ளுங்கள்.

கணினி தொடங்கும் ஒழுங்கு

1. மின்வலு வழங்கி 230 வோற்று ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோற்று நேரோட்டமாக மாற்றி வழங்கும்.
2. மையச் செயலி, தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் செய்நிரலை நிறைவேற்றத் தொடங்கும். (புதிய கணினிகளில் இப்பணியை யூஈஎப்ஐ செய்கிறது.)
3. றாம் நினைவகம், வரைவியல் அட்டை, விசைப்பலகை முதலியன சோதிக்கப்படும். இது தொடக்கச் சுயசோதனை எனப்படும்.
4. பணிசெயல் முறைமை வன்தட்டிலிருந்து றாமுக்கு ஏற்றப்படும்.

எந்தப் படியில் கணினி நின்றுவிட்டது என்று கண்டால், பழுதைத் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

அறிகுறியும் தேட வேண்டிய இடமும்

(அ) விசிறி சுழலவில்லை, விளக்கும் எரியவில்லை: படி 1 இல் தடை. சுவர்க் குதையில் வேறொரு சாதனத்தைச் செருகி மின் வருகிறதா எனப் பாருங்கள். மின்வலு வழங்கியின் பின்புற ஆளி, தாய்ப்பலகையின் 24 ஊசிச் செருகி, பெட்டியின் முன் ஆளியிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

(ஆ) விசிறி சுழல்கிறது, திரை கறுப்பாக உள்ளது: படி 2 அல்லது 3 இல் தடை. செயலிக்குரிய 4 அல்லது 8 ஊசிச் செருகியைப் பாருங்கள். றாமைக் கழற்றி, இரு பக்கமும் இறுகும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு றாம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தனியான வரைவியல் அட்டை இருந்தால், திரையின் வடத்தை அந்த அட்டையிலேயே செருக வேண்டும். பீப் ஒலி கேட்டால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் பயோஸுக்குப் பயோஸ் வேறுபடும். தாய்ப்பலகையின் கைநூலில் பாருங்கள்.

(இ) பயோஸ் திரை தோன்றுகிறது, பணிசெயல் முறைமை வரவில்லை: படி 4 இல் தடை. வன்தட்டின் தரவு வடத்தையும் மின் வடத்தையும், பயோஸிலுள்ள தொடக்க ஒழுங்கையும் பாருங்கள். வன்தட்டு புதியதாயின் அதில் பணிசெயல் முறைமையை முதலில் நிறுவ வேண்டும்.

முக்கிய விதி: ஒரு தடவையில் ஒன்றை மாத்திரம் மாற்றிச் சோதியுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், கணினி இயங்கினாலும் எது பழுது என்பது தெரியாது.

எச்சரிக்கை

பெட்டிக்குள் கைவைக்க முன்னர் செருகியைச் சுவர்க் குதையிலிருந்து கழற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை நீக்குங்கள். மின்வலு வழங்கியை ஒருபோதும் திறக்க வேண்டாம். மின்னைத் துண்டித்த பின்னரும் அதன் கொள்ளளவிகளில் உயிராபத்தான ஏற்றம் தங்கியிருக்கலாம்.

மாதிரி வினா

ஆளியை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது, பீப் ஒலி கேட்கிறது, திரையில் ஒன்றும் தோன்றவில்லை. "மின்வலு வழங்கி முற்றாகச் செயலிழந்துவிட்டது" என்று கமலன் கூறுகிறான். இதை ஏற்பீரா? காரணம் தருக.

விடை: ஏற்க முடியாது. விசிறி சுழல்வதால் மின் கிடைக்கிறது. பீப் ஒலி கேட்பதால் செயலி பயோஸை நிறைவேற்றுகிறது. எனவே தடை சுயசோதனைப் படியில் உள்ளது. முதலில் றாமையும் வரைவியல் அட்டையையும் சோதிக்க வேண்டும்.

மாணவர்களே, இவ்விடையில் ஒவ்வொரு அறிகுறியும் ஒரு படியுடன் இணைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பரீட்சைத் தாளிலும் வீட்டிலும் இவ்வாறே சிந்தியுங்கள்.