கட்டிலுக்கு அடியில் தீபாவளி
நாலு கால் உறவு – 9

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தெருக்கோடியில் எந்தப் பையனாவது ஒற்றை வெடியைக் கொளுத்திப் பார்த்துவிடுவான். அந்த ஒரு சத்தத்துக்கு வீட்டு நாய் என்ன செய்தது என்று கவனிப்பவர்கள் குறைவு. ஓடவில்லை, குரைக்கவில்லை, அதனால் பயப்படவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அது அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டது. தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடும். எதிரே தின்ன ஒன்றும் இல்லாதபோதும் நாக்கால் மூக்கை நக்கிக்கொள்ளும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டும். விழியோரத்தில் வெள்ளை பிறையாகத் தெரியும். காது பின்னால் படியும். மொசைக் தரையில் அது நடந்துபோன வழியில் ஈரத் தடம் தெரிந்தால், தண்ணீரை மிதித்துவிட்டு வந்திருக்கிறது என்று துணியால் துடைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான், பயந்தாலும் அங்கே வியர்க்கும். நடுக்கம், மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகுவது, கதவைப் பிறாண்டுவது எல்லாம் இதற்குப் பிறகு வருகிறவை.

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க் காது சுமார் 45,000 வரை போகும். சட்டம் அனுமதிக்கிற வெடியே 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை சத்தம் போடலாம். இடியாவது வானம் இருட்டி, காற்று மாறி, மின்னல் வெட்டிச் சொல்லிவிட்டு வருகிறது. லட்சுமி வெடி அப்படி எதுவும் சொல்வதில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள். நாய்க்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. தெருக்காரர்கள் தெரிந்தும் பார்ப்பதில்லை.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் இன்னும் கூடும், செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாய் வளர்ப்பவர்களில் பாதிப் பேர் இதை வேதவாக்காகச் சொல்வார்கள். பயம் ஒரு சேட்டை அல்ல, பரிசு கொடுத்தால் வளர்வதற்கு. மடியில் வந்து முகம் புதைக்கிற நாயை அணைத்துக்கொள்வதில் எந்தக் கெடுதலும் இல்லை. கட்டிலுக்கு அடியிலோ குளியலறை மூலையிலோ போய்ச் சுருண்டுகொண்டால் இழுத்து வெளியே கொண்டுவரவும் வேண்டாம். தனக்குச் சத்தம் குறைவாகக் கேட்கும் இடத்தை அது தானே தேர்ந்தெடுத்திருக்கிறது. சன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டால் போதும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்திருக்கிறார். 1,225 நாய்கள் பற்றிய பதில்களில், ஏறத்தாழ பாதி நாய்களுக்கு வாணவெடிப் பயம் ஏதோ ஓர் அளவில் இருந்தது. 2020-ல் வெளியான இன்னொரு கட்டுரையில் எது பலன் தந்தது என்று பார்த்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் தீனி கொடுத்தும் விளையாட்டுக் காட்டியும் பார்த்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

இதில் வரிசைதான் முக்கியம். முதலில் ‘டமால்’, அடுத்த நொடி வேகவைத்த கோழித்துண்டு. மாற்றிச் செய்தால் கோழித்துண்டைப் பார்த்ததுமே அடுத்து வெடி வரப்போகிறது என்று நாய் படித்துவிடும், பிறகு கோழியையும் வெறுக்கும். பயப்படாத நாய்க்கும் இதைச் செய்துவைப்பது நல்லது. முதல் தீபாவளியைப் பார்க்கிற குட்டிக்குக் கட்டாயம் செய்ய வேண்டும். உயிரான கோழியையே தொடாமல் முகம் திருப்பினால், பயம் தீனிக்கு அடங்குகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட நாய்க்குக் கால்நடை மருத்துவரின் மருந்து தேவைப்படலாம். தீபாவளிக்கு முந்தின நாள் அல்ல, சில வாரங்கள் முன்பே போய்க் கேட்க வேண்டும். பழைய சீட்டில் இருக்கிற மயக்க மாத்திரையைத் தானாக வாங்கிக் கொடுப்பது ஆபத்து. அசெப்ரோமசின் போன்ற மருந்து உடலைத்தான் கட்டிப்போடும். நாய் அசையாமல் கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

பட்டாசு முடிந்து மாடியிலிருந்து இறங்கி வந்தால் கதவு நிலை கடித்துக் குதறப்பட்டிருக்கும், கூடத்தில் மூத்திரம் தேங்கியிருக்கும். நாய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். “பாரு, தப்பு செஞ்சோம்னு அதுக்கே தெரியுது” என்று அதட்டல் விழும். நியூயார்க் பார்னார்ட் கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லிவைத்த தீனியைத் தின்ற நாய், தின்னாத நாய் இரண்டுமே அதட்டு வாங்கியபோது ஒரே முகத்தைத்தான் காட்டின. குற்றமே செய்யாமல் திட்டு வாங்கியவை இன்னும் கூடுதலாகவே காட்டின. நாம் குற்ற உணர்வு என்று படிப்பது, கோபமாக நிற்கும் மனிதரைச் சமாதானப்படுத்தும் முகம். ஏற்கெனவே மிரண்டு போன நாயை அப்போது அதட்டினால், வெடியோடு வீட்டு மனிதரும் பயப்பட வேண்டியவராகிவிடுவார்.

வாசலைத் திறந்ததும் தெறித்து ஓடிவிடுகிற நாய்கள் தனிக் கதை. எப்போதும் வாசல் தாண்டாத நாய்கூட அன்றைக்கு மதில் ஏறிக் குதிக்கும். இரண்டு மூன்று தெரு தாண்டினால் அது வேறு நாய்களின் எல்லை, வழியும் புரியாது. கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் எழுதியிருக்க வேண்டும். மைக்ரோசிப் போட்டிருந்தால் பட்டை அறுந்தாலும் ஆள் தெரியும். வெளியே கூட்டிப்போக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு அடங்குகிற நேரம்தான் சரி. வீட்டுக்குள் உறவினர்கள் வந்துபோகும்போது நாய் இருக்கிற அறைக் கதவைத் தாழிட்டு வைக்கலாம்.

பலகாரத் தட்டும் இருக்கிறது. சாக்லேட் ஆகாது என்பது பலருக்குத் தெரியும். ரவா லட்டில் பதிந்திருக்கிற உலர் திராட்சை பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். அது சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்காவில் விலங்கு நச்சுச் சிகிச்சை மருத்துவர்கள் எழுதினார்கள். நம் வீட்டுப் புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு, புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றியும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புளியோதரை மிச்சத்தை நாய்த் தட்டில் கொட்டுகிற பழக்கத்தை நிறுத்திவிடலாம். திராட்சையோ புளியோ தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். பண்டிகை நாளில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது.

(அடுத்த வாரம்: தவழும் குழந்தையும் வீட்டு நாயும்)